போலீன் கார்தோனை எப்படி தேடிப் பாக்குறது

பத்தாங் பெர்ஜுந்தாய்ல உக்காந்துக்கிட்டு பழைய பிரெஞ்சு காதல் காமெடி படமான்னு என் அக்கா சிரிச்சா, ஆனா ரெண்டாவது படத்துலயே பிரெஞ்சு நடிகை போலீன் கார்தோன கண்டுபிடிச்சிட்டா. முதல்ல ஹீரோயின விடுங்க. கதவ தொறக்குற வேலைக்காரம்மா, மாடிப்படிக்குக் கீழ உக்காந்து ஊர் வம்பு பேசுற காவக்காரம்மா, அங்கதான் இவங்க இருப்பாங்க, 1884ல பொறந்து 1974ல செத்தவங்க, பாதி வாழ்க்கை இந்த மாதிரி வேஷம்தான். நம்ம தோட்டத்து லயத்து வீடுங்கள்ல எல்லா வீட்டு கதையும் தெரிஞ்ச பாட்டி ஒருத்தங்க இருப்பாங்கல்ல, அதே சாயல்.

தேடுறப்போ சாஷா கித்ரி டைரக்ட் பண்ண படத்துலேர்ந்து ஆரம்பிங்க, அவரு திரும்பத் திரும்ப இவங்களத்தான் கூப்பிடுவாரு. 1951ல வந்த 'லா புவாசோன்' நல்ல ஆரம்பம், ஆனா அது காதல் இல்ல, பொண்டாட்டி புருஷன் ஒருத்தர ஒருத்தர் கொல்லப் பாக்குற கறுப்பு காமெடி, ஆரம்பத்துல பேரு போடுறப்போ கித்ரியே நேர்ல வந்து ஒவ்வொருத்தரா அறிமுகப்படுத்துவாரு, அத ஓட்டிடாதீங்க. சப்டைட்டில கொஞ்சம் மறந்துட்டு மூஞ்சிய பாருங்க. ஒரு சீன் முடிஞ்சதும் ரீவைண்ட் பண்ணி அவங்கள மட்டும் பாக்கணும், அப்பதான் புரியும்லா.

பாட்டும் பாடியிருக்காங்க! 1934 'துவா செ முவா' மேடை நாடகத்துல ஒரு டூயட், அலையாத்தி மரத்தடியில காதல், அதான் கோலா சிலாங்கூர் பக்கம் நம்ம பாக்காவு மரம்னு சொல்றமே அது. தே தாரிக் ஒரு கிளாஸ் வச்சுக்கிட்டு கேளுங்க.