நாய்க்குட்டியின் முதல் இரவுகள்

சிப்பிப்பாறைக் குட்டியோ, தெருவில் கண்டெடுத்த நாட்டுக்குட்டியோ, புது வீட்டில் முதல் இரவு அழத்தான் செய்யும். அது அடம் இல்லை. தாயின் சூட்டைத் தேடும் தவிப்பு. தயவுசெய்து மாடிப்படிக்கு அடியில் தனியாகக் கட்டிப்போடாதீர்கள்.

மதுரையில் எங்கள் வீட்டில் பலித்த வழி இது. குட்டியை வாங்கப் போகும்போதே பழைய சுங்குடிச் சேலைத் துண்டைக் கொண்டுபோய், தாய் நாய் படுத்திருந்த இடத்தில் நன்றாகத் தேய்த்து எடுத்து வந்தோம். அதை அட்டைப்பெட்டியில் விரித்து, பெட்டியை என் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்தேன். முனகும்போது கையை உள்ளே நீட்டினால் போதும், அடங்கிவிடும். சில நாள் கழித்துப் பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்தினேன்.

இரவுச் சாப்பாடு 8 மணிக்குள் முடியட்டும். பசும்பால் வேண்டாம், பல குட்டிகளுக்கு வயிறு கழியும். படுக்கும் முன் வாசலுக்குத் தூக்கிப்போய்ச் சிறுநீர் கழிக்க வையுங்கள். 2 மாதக் குட்டியால் விடியும்வரை அடக்க முடியாது, ஆகவே நள்ளிரவில் ஒரு முறையாவது எழுந்தே ஆக வேண்டும். அப்போது விளையாட்டுக் காட்டாமல் உடனே திரும்பப் படுக்க வையுங்கள். சித்திரை வெக்கையில் சாக்கை விட வெறும் தரையே அதற்குப் பிடிக்கும்.

அழுகையோடு வாந்தியோ பேதியோ இருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.