ஸ்டூவர்ட் 10வி: கிட் வாங்கி ஓடும் நீராவி இயந்திரம் பூட்டுவது எப்படி?

மாதிரி நீராவி இயந்திரம் செய்ய ஆசைப்படும் புதியவர் எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது ஸ்டூவர்ட் 10வி. இங்கிலாந்தில் 1906இல் தொடங்கிய ஸ்டூவர்ட் டர்னர் நிறுவனத்தின் பழைய வடிவமைப்பு. சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், பிஸ்டன் ஓட்டமும் முக்கால் அங்குலம், ஃபிளைவீல் (கனத்த சுழல் சக்கரம்) 3 அங்குலம். அளவில்தான் சிறியது. ஸ்லைடு வால்வு (நகர்ந்து நீராவி வழிகளைத் திறந்து மூடும் கட்டி), எக்சென்ட்ரிக் (வால்வை நகர்த்த, தண்டில் மையம் விலகி மாட்டிய வட்டு), கிராஸ்ஹெட் (பிஸ்டன் தண்டையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் மூட்டு) என்று ஒரு காலத்தில் ஆலைகளிலும் படகுகளிலும் ஓடிய இயந்திரங்களின் உறுப்புகள் எல்லாம் இதில் உண்டு. பொம்மை இயந்திரங்கள் பலவற்றில் சிலிண்டர் ஆடுவதே வால்வின் வேலையைச் செய்துவிடும். அவற்றைப் பூட்டி ஓட்டலாம். ஆனால் நீராவி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நம் கையால் அமைக்கும் இன்பம் அவற்றில் கிடைக்காது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த கிட் (பாகங்களின் தொகுப்பு) இரண்டு விதமாக வருகிறது. ஒன்று வெறும் வார்ப்புகள். அதற்கு லேத் வேண்டும், கடைசல் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். மற்றொன்று கடைந்து, துளையிட்டு, மரை போட்டு வருவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

கருவிகள்

மெல்லிய அரம் இரண்டு, எண்ணெய்க்கல், சிறிய ஸ்க்ரூ டிரைவர், இயந்திர எண்ணெய், மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ். இவற்றோடு பி.ஏ. அளவு ஸ்பானர்கள் அவசியம். இந்த இயந்திரத்தின் நட்டுகளும் ஸ்டட்களும் (தலையில்லாத போல்ட்டுகள்) பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் மரை வகையைச் சேர்ந்தவை. 7 பி.ஏ. போல்ட்டின் விட்டம் 2.5 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கும் எம்2.5 போல்ட்டும் அதே விட்டம்தான். ஆனால் மரையின் இடைவெளி வேறு, கோணமும் வேறு. ஒரு நட்டு தொலைந்துவிட்டால் எம்2.5 நட்டைத் திருகிப் பார்க்கத் தோன்றும். இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், மீறினால் ஸ்டட்டின் மரை போய்விடும். கூடுதலாகப் பத்து நட்டுகளை கிட்டோடு சேர்த்தே வரவழைத்துக்கொள்ளுங்கள்.

கழுவுதல், பிசிறு எடுத்தல்

பாகங்களைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு மண்ணெண்ணெயில் கழுவுங்கள். துளைகளுக்குள் கடைசல் தூள் ஒட்டியிருக்கும். சிலிண்டரின் நீராவி வழிகளில் ஒரு துகள் இருந்தாலும் அது வால்வு முகத்தைக் கீறிவிடும். பிறகு ஒவ்வொரு விளிம்பையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும். அரத்தால் ஓரிரு இழுப்பு போதும். சிலிண்டரின் உட்புறத்தில் மட்டும் அரம் படவே கூடாது.

பெயிண்ட் அடிப்பதானால் இப்போதே அடித்துக் காயவிடுங்கள். பொருந்தும் முகங்களில் பெயிண்ட் ஏறாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கீழிருந்து மேலே

முதலில் அடித்தட்டு. அதன்மேல் வெண்கல பேரிங்குகள், அவற்றில் கிராங்க் தண்டு (பிஸ்டனின் மேல் கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு). பேரிங்கின் இரு பாதிகளும் ஒரு ஜோடியாகக் கடையப்பட்டவை. இடது வலது, முன் பின் மாறாதபடி மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விட்டு மூடியை இறுக்கியதும் தண்டை விரலால் சுற்றுங்கள். தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? அடுத்த பாகத்தைத் தொடாதீர்கள். நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எங்கே பிடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள்.

இந்த ஒரு பழக்கத்தைக் கடைசிவரை விடாதீர்கள்: ஒரு பாகம் சேர்த்தால் ஒரு முறை சுற்று. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, சுற்றவில்லையே என்று தேடினால் குற்றவாளி எது என்று தெரியாது. ஒவ்வொன்றாகச் சேர்த்தால், கடைசியாகச் சேர்த்ததுதான் காரணம் என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்து நிற்கும் தூண். அதன் நடுவில் கடைந்த குழாய் போன்ற வழியில்தான் கிராஸ்ஹெட் மேலும் கீழும் ஓடும். தூண், சிலிண்டரின் கீழ் மூடி, சிலிண்டர் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இந்த நட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிஸ்டனையும், அதன் அசைவைக் கிராங்குக்குக் கொண்டுபோகும் கனெக்டிங் ராடையும் மாட்டிச் சுற்றிப் பார்த்து, இழைந்து ஓடினால் முழுதாக இறுக்கலாம்.

மூடிகளுக்கும் சிலிண்டருக்கும் நடுவில், கசிவைத் தடுக்க, எண்ணெயில் தோய்த்த மெல்லிய தாள் கேஸ்கெட். பிஸ்டன் பள்ளத்திலும் கிளாண்டுகளிலும் (தண்டுகள் வெளிவரும் இடத்தில் கசிவை அடைக்கும் பகுதிகள்) கிராஃபைட் பூசிய நூல் பேக்கிங். முதல் ஒத்திகையைப் பேக்கிங் இல்லாமலே செய்வது நல்லது. கிளாண்ட் நட்டை விரலால் இறுக்கினாலே போதும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் அது பிரேக் போலத் தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

வால்வு நேரம்

இந்த வேலைக்காகவே ஒரு மாலையை ஒதுக்குங்கள். அவசரம் கூடாது.

வால்வுப் பெட்டியின் மூடியைக் கழற்றினால் சிலிண்டர் முகத்தில் மூன்று பிளவுகள் தெரியும். மேலே உள்ளது பிஸ்டனின் மேற்பக்கத்துக்கு, கீழே உள்ளது கீழ்ப்பக்கத்துக்கு, நடுவில் உள்ளது வெளியேறும் வழி. வால்வு ஒரு சிறு குழிந்த கட்டி. அது நகரும்போது ஒரு பிளவைத் திறந்து நீராவியை உள்ளே விடுகிறது. அதே நேரத்தில் மறு பிளவையும் நடுப் பிளவையும் தன் குழிக்குள் இணைத்து, வேலை முடிந்த நீராவியை வெளியே அனுப்புகிறது.

முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள். எக்சென்ட்ரிக்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, மேல் பிளவு எவ்வளவு திறக்கிறது, கீழ்ப் பிளவு எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். இரண்டும் சமமாக வரும்வரை வால்வுத் தண்டை அதன் நட்டில் திருகி ஏற்றி இறக்குங்கள்.

பிறகு கோணம். பிஸ்டனை மேல் எல்லையில் நிறுத்துங்கள். எக்சென்ட்ரிக்கைத் தண்டில் பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத சிறு திருகு) தளர்த்தி, இயந்திரம் ஓட வேண்டிய திசையில் மெதுவாகத் திருப்புங்கள். வால்வு கீழே இறங்கி, மேல் பிளவில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரியும் கணத்தில் நிறுத்தி இறுக்குங்கள். அப்போது எக்சென்ட்ரிக், கிராங்கைவிட 90 டிகிரிக்குச் சற்று அதிகமாக முந்தி நிற்கும். ஃபிளைவீலை அரைச் சுற்று சுற்றி, பிஸ்டன் கீழ் எல்லையில் இருக்கும்போது கீழ்ப் பிளவும் அதே அளவு திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் மூடியைப் பூட்டலாம். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் இந்த மயிரிழை நன்றாகத் தெரியும்.

முதல் ஓட்டம் காற்றில்

நீராவிக்கு அவசரப்படாதீர்கள். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் உள்ள சிறிய கம்ப்ரசர் கிடைத்தால், 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) காற்றே போதும். எல்லா மூட்டுகளிலும் எண்ணெய் விட்டு ஃபிளைவீலைத் தள்ளிவிடுங்கள். தொடக்கத்தில் இறுக்கமாக, தடுமாறி ஓடும். அரை மணி நேரம் ஓடவிட்டால் உராயும் முகங்கள் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளும். பிறகு இன்னும் குறைந்த அழுத்தத்திலேயே நிதானமாகச் சுற்றும். ஒரு பக்கம் மட்டும் வேகமாகத் தள்ளி, மறுபக்கம் தொய்ந்தால் வால்வின் உயரத்தை மீண்டும் பாருங்கள்.

நீராவி

பாய்லரைத் தனியாக வாங்க வேண்டும். அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கொதித்த தண்ணீர் 1,600 மடங்குக்கு மேல் விரியக்கூடியது. அதை அடைத்து வைக்கும் பாத்திரத்துக்குச் சோதனைச் சான்றிதழும் பாதுகாப்பு வால்வும் கட்டாயம். காய்ச்சி வடித்த தண்ணீரையே ஊற்றுங்கள். தண்ணீர் வற்றிய பாய்லருக்கு அடியில் தீ எரியக் கூடாது. சிலிண்டருக்குச் சாதாரண எண்ணெய் உதவாது, நீராவி அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதற்கென விற்கும் கெட்டியான நீராவி எண்ணெயை, சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்டும் லூப்ரிகேட்டரில் நிரப்புங்கள்.

குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழையும் முதல் நீராவி தண்ணீராகிவிடும், தண்ணீரோ அமுங்காது. ஆகவே இயந்திரம் சூடேறும்வரை ஃபிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, தண்ணீரை வெளியேற்றுங்கள். வெளியேறும் குழாயில் துளிகள் நின்று வெண்புகை வரத் தொடங்கியதும் ஒரு தள்ளு தள்ளிவிடுங்கள், ஓடும். நிறுத்திய பின், சூடு ஆறுவதற்குள் சிலிண்டருக்குள் சில துளி எண்ணெய் விட்டுச் சுற்றிவையுங்கள். வார்ப்பிரும்பு ஒரே இரவில் துருப்பிடித்துவிடும்.