பெருந்தொற்றுக் காலத்தில் சமயக் கல்லூரி: புதிய மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

இறையியல் கல்லூரியோ மதரசாவோ, அங்கே பாதிப் படிப்பு வகுப்புக்கு வெளியேதான் நடக்கும். விடிகாலைப் பிரார்த்தனை, ஒரே மேசையில் சாப்பாடு, இரவில் நீளும் விவாதம். கொரோனா முதலில் பறித்தது இந்தப் பாதியைத்தான். மீதியை லேப்டாப்பில் ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்கும்போதுதான் சறுக்கல் தொடங்குகிறது.

மைக்கை எப்போதும் மியூட்டில் போட்டு வைப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எபிரேயமோ அரபியோ, வாய்விட்டு வாசித்து ஆசிரியர் திருத்தினால்தான் நாக்கில் படியும். அரபியின் ஸீன், ஸாத் என்ற இரண்டு எழுத்துகளும் மோசமான இணைப்பில் ஒன்றுபோலவே கேட்கும். எல்லோரும் சேர்ந்து ஓதலாம் என்றால், ஒவ்வொரு குரலும் வெவ்வேறு தாமதத்தில் வந்து சந்தைக்கடை இரைச்சல்தான் மிஞ்சும். தனியாக ஓதிக்காட்ட நேரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். இழுத்துப் பாடும் ராகத்தை ஜூம் பின்னணி இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுவதும் உண்டு. அதற்கு ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பை இயக்கினால் சரி.

படுக்கையில் கிடந்தபடி ஆராதனையைப் பார்ப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எழுந்து உட்காருங்கள்.

அடுத்தது, பிரார்த்தனைக்காகக் கூடினால் ஒன்றும் ஆகாது என்ற தைரியம். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குத் தொற்று, இருவர் இறந்தார்கள். சேர்ந்து பாடியே ஆகவேண்டும் என்றால் திறந்த வெளி, இடைவெளி, முகக்கவசம், குறைந்த நேரம்.

இதையெல்லாம்விட ஆபத்தானது காய்ச்சலை மறைப்பது. விசுவாசம் குறைந்தவன் என்று நினைப்பார்களோ, அறைத்தோழர்கள் எல்லோரும் தனிமைப்படுத்தப்படுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம். ஆனால் சமய மரபே வேறு மாதிரிச் சொல்கிறது. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து தப்பித்து வெளியேறவும் செய்யாதீர்கள் என்பது நபிமொழி. 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் பிளேக் வந்தபோது நோயாளிகளைக் கவனிக்க ஊரிலேயே தங்கிய கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர்கூட, தேவையில்லாத இடங்களுக்குப் போகமாட்டேன் என்றுதான் எழுதினார். அதனால் லேசான தொண்டை வலி என்றாலும் விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், யாரும் எச்சரிக்காத ஒன்று. சமயம் படிக்கிற பிள்ளைதானே என்று, உறவை இழந்த குடும்பத்தோடு பேசச் சொல்லி உங்களிடம் போனை நீட்டுவார்கள். பதற்றத்தில் “எல்லாம் கடவுள் சித்தம்” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் அடக்கம் செய்தவர்களுக்கு அது கதவைச் சாத்துவதுபோல இருக்கும். இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். பாதி நேரம் அவர்களே பேசுவார்கள். பேசி முடித்த அன்றே உங்கள் ஆன்மிக வழிகாட்டியிடம் அதைச் சொல்லுங்கள். அவர் அழைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே கூப்பிடுங்கள்.