பழைய டபுள் கேப்புக்கு மாற்று எஞ்சின்: எடுக்கும் முன்னும் ஏற்றும் முன்னும்

டபுள் கேப் பிக்கப்பின் எஞ்சின் போய்விட்டது என்றதும் பலர் நேரே கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் கராஜிலேயே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: எஞ்சின் ஏன் போனது? சூடேறி ஹெட் வெடித்திருந்தால், காரணம் பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியேதான் இருக்கும். ரேடியேட்டரின் உட்குழாய்கள் உப்புப் படிந்து அடைத்திருக்கும், அல்லது ஃபேன் கிளச் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருக்கும். பேஸ்லைன் வீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று இழுப்பது ஃபேன் மட்டும்தான். சூடு குறையும் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கமும் உண்டு. ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியை மூடும் வகைத் தெர்மோஸ்டாட் என்றால் அது எதிர்மாறாக வேலை செய்யும்: பைபாஸ் திறந்தே கிடக்க, சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். இவற்றைச் சரி செய்யாமல் ஏற்றினால் அடுத்த எஞ்சினும் அதே வழியில்தான் போகும்.

பிளொக் வெடிக்காமல், கிராங்க் உடையாமல் இருந்தால் உங்கள் எஞ்சினையே பிரித்துக் கட்டுவதையும் கணக்கில் எடுங்கள். சிலிண்டரைப் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி) 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க்கை 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு கிரைண்ட் பண்ணினால் பல எஞ்சின்கள் மீண்டும் நன்றாக ஓடும். எஞ்சின் இலக்கம் மாறாததால் பதிவுப் பிரச்சினையும் இல்லை. ஹெட், பிளொக், கிராங்க் மூன்றும் போயிருந்தால் மாற்று எஞ்சின்தான் புத்தி.

எந்த எஞ்சின்? பழைய டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். அதிலிருப்பது 2எல் வகை எஞ்சின் என்றால் அதே எல் குடும்பத்தில் 3எல், 5எல் இருக்கின்றன. 2எல் 2446 சி.சி., 3எல் 2779, 5எல் 2986. மூன்றும் டைமிங் பெல்ட் உள்ள, டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள். 2எல் இருந்த இடத்தில் 3எல் வைப்பது நன்றாகத் தெரிந்த வேலை, எந்த நல்ல கராஜ் பாஸும் (மெக்கானிக்கும்) செய்வார். அதன் சொந்த டீசல் பம்போடு வாங்குங்கள். 2எல் பம்பை 3எல்லில் மாட்டினால் கூடுதல் சி.சி.க்குரிய டீசல் கிடைக்காது.

1கேஇசட்-டிஇ போன்ற 2982 சி.சி. டர்போ எஞ்சின் ஆசை காட்டும். ஆனால் அதன் பம்ப் கம்ப்யூட்டரில் ஓடுவது. எஞ்சினோடு ஈசியூ (அந்தக் கம்ப்யூட்டர்), முழு வயரிங், சென்சர்கள் எல்லாம் வேண்டும், எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் கூடான எல் எஞ்சினின் பெல் ஹவுசிங்கும் நேரே பொருந்தாது. கொம்ப்யூட்டர் இல்லாத வாகனத்துக்கு அதே வகையான மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினே சரி. பழைய மிட்சுபிஷிக்கும் நிசானுக்கும் இதே விதிதான்.

கடையில் எஞ்சின் தரையில் கிடக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்து, சம்ப் (அடியிலுள்ள ஒயில் தட்டு) ஓரமெல்லாம் புது சிலிக்கன் பிதுங்கியிருந்தால் நிதானியுங்கள். ஹெட் போல்ட்களின் தலையில் ஸ்பானர் தடம் புதிதாக மின்னினால் அது ஏற்கனவே திறக்கப்பட்டது. ஒயில் மூடியைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள்: பால் தேநீர் நிறத்தில் பசை இருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. எக்ஸோஸ்ட் துவாரங்களில் விரல் விடுங்கள். காய்ந்த கரி பரவாயில்லை. நாலில் ஒன்று மட்டும் ஒயில் பிசுபிசுப்போடு இருந்தால் அந்தச் சிலிண்டரின் ரிங்கையோ வால்வ் சீலையோ சந்தேகியுங்கள்.

பிறகு கொம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம். கராஜ் பாஸை டெஸ்டரோடு கூட்டிக்கொண்டு போங்கள். நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, டெஸ்டரை அந்தத் துளையில் முறுக்கி, நல்ல பற்றரியில் ஸ்டார்ட்டரைச் சுற்றவேண்டும். எல் எஞ்சினுக்கு நல்ல அளவு சுமார் 455 பி.எஸ்.ஐ., கீழெல்லை 284, சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 71க்கு மேல் போகக்கூடாது. இவை சூடான எஞ்சினுக்குரிய அளவுகள். தரையில் குளிர்ந்து கிடப்பது குறைவாகவே காட்டும், ஆகவே வித்தியாசத்தையே கூர்ந்து பாருங்கள். நாலும் 380ஐ ஒட்டி நின்றால் நல்லது. மூன்று 400, ஒன்று 300 என்றால் வேண்டாம். ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சம்மதிக்கும் கடை என்றால், ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து துவாரத்தின் மேல் தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளி விழுந்தால், புகை தொடர்ந்து குபுகுபுவென வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது.

விலை பேசும்போது எஞ்சினைச் சுற்றியுள்ளதையும் எண்ணுங்கள். எல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கான வெக்யூம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். அது இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டினால் வண்டி ஓடும், பிரேக் கல்லாக நிற்கும். ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தகட்டில் வாசியுங்கள். ஹீட்டர் பிளக்கின் வோல்ட்டேஜும் உங்கள் வயரிங்கோடு ஒத்துப்போக வேண்டும், 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் 6 வோல்ட் பிளக் எரிந்துபோகும். வேனிலிருந்து வந்த எஞ்சினில் சம்ப், மவுண்ட் பிராக்கெட் வேறாக இருக்கலாம். பழைய எஞ்சினின் சம்ப்பை மாற்றும்போது ஒயில் ஸ்ட்ரெயினர், டிப் ஸ்டிக் இரண்டையும் அதோடு சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒயில் அளவு பொய் சொல்லும்.

எஞ்சின் ஓட்டோ கியர் வாகனத்திலிருந்து வந்ததா என்று கேட்டறியுங்கள். அதில் ஃபிளைவீலுக்குப் பதில் மெல்லிய தகடுதான் இருக்கும், கிராங்க் முனையில் கியர் பொக்ஸ் தண்டைத் தாங்கும் பைலட் பேரிங்கும் இருக்காது. மெனுவல் கியர் பொக்ஸ் என்றால் பழைய ஃபிளைவீலைத் தேய்த்து மாட்டி, பைலட் பேரிங்கைப் புதிதாகப் போட வேண்டும். பேரிங்கை மறந்தால் கிளச் மிதித்தும் கியர் விழாமல் கறகறக்கும், பிறகு கியர் பொக்ஸை மறுபடி இறக்க வேண்டியதுதான்.

பணம் கொடுக்கும் முன் கடதாசி. பில்லில் எஞ்சின் இலக்கம், வகை, வாரண்டி எத்தனை நாள், எதற்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். இறக்குமதிக்கான சுங்க ஆவணத்தின் பிரதியையும் கேளுங்கள். பிளொக்கில் அடித்திருக்கும் இலக்கத்தை நீங்களே வாசித்து ஒப்பிடுங்கள். அரைத்து அழித்த தடம் தெரிந்தால், எவ்வளவு மலிவு என்றாலும் தொடாதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். தேவையான படிவங்களை அதன் நாரஹேன்பிட்டி அலுவலகத்திலோ வேரஹெர அலுவலகத்திலோ எஞ்சின் வாங்கும் முன்பே விசாரியுங்கள். லீசிங் இருந்தால் அந்த நிறுவனத்தின் சம்மதம் வாங்குங்கள், காப்புறுதிக்கும் அறிவியுங்கள். இலக்கம் பொருந்தாத வாகனத்தை விற்கும் நாளில்தான் இதன் வலி தெரியும்.

எஞ்சின் இறங்கிக் கிடக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க்கின் முன் பின் ஒயில் சீல், கிளச் பிளேட்டை மாற்றுங்கள். பழைய பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிவிடும். டீசல் டேங்கைக் கழுவி, ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, டீசலைப் பீய்ச்சும் நோசல்களை பம்ப் கடையில் சோதித்த பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் அக்சலரேட்டரை முழுக்க அழுத்தித்தான் அளப்பார்கள், நோசல் ஒழுகினால் கரும்புகை அங்கே காட்டிக்கொடுக்கும். 1,000 கி.மீ. ஓடியதும் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெயிலில் பாருங்கள்.