கொடுமணலிலிருந்து முசிறிக்கு: முதல் சாகசத்தில் கையிருப்பையும் நேரத்தையும் கணக்கிடும் முறை

டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டை, அதாவது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதையாட்டத்தை, முதன்முறையாக நடத்த முனைபவர்கள், பெரும்பாலும் அரக்கர்களையும் வரைபடங்களையும் தயாரிப்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். அவை தேவைதான். எனினும், ஒரு சாகசம் விறுவிறுப்பாக நகர்வதும் தொய்ந்துபோவதும், ஆட்டக்காரர்களின் கையிருப்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது, கரைந்ததை மீட்க அவர்கள் எதை இழக்க வேண்டியிருக்கிறது என்பவற்றைப் பொறுத்தே அமைகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014-ஆம் ஆண்டு விதிகளை அடிப்படையாகக் கொண்டு, நம் கொங்கு மண்ணின் பழைய வணிக வழியில் ஒரு சாகசத்தை இங்கே அமைத்துப் பார்ப்போம்.

கதை எளிது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் செய்த கல்மணிகளை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரையில் இருந்த பழைய முசிறித் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லும் மாட்டுவண்டிகளுக்கு நான்கு வீரர்கள் காவல் போகிறார்கள்.

படி 1: காலக்கெடுவை முதலில் வையுங்கள்

யவனக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து, மார்கழி வாக்கில் எதிர்த்திசைக் காற்றைப் பிடித்துத் திரும்பிவிடும். தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே, ஒரு தாளில் பத்துக் கட்டங்கள் வரைந்து, அனைவரும் பார்க்கும்படி மேசை நடுவில் வைத்துவிடுங்கள். ஒரு கட்டம் ஒரு நாள். பயணத்துக்கு எட்டு நாள் ஆகும் என்றும், பத்தாம் நாள் மாலையில் கப்பல் கிளம்பிவிடும் என்றும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கையில் மிச்சம் இருப்பவை இரண்டு நாட்கள் மட்டுமே.

படி 2: தீர்ந்துபோகக்கூடியதை மட்டும் எண்ணுங்கள்

கயிறு, சட்டி, போர்வை என எல்லாவற்றையும் எழுதி வைத்தால் விளையாட்டு கடைக்கணக்காகிவிடும். பயணத்தின் முதல் பாதியில் நொய்யல் கூடவே வருவதாலும், மழை ஓய்ந்த பருவம் என்பதாலும், தண்ணீரை விட்டுவிடலாம். தீப்பந்தம், உணவு, மணிச்சரம் ஆகிய மூன்றும் போதும். விதிப்படி ஒரு பந்தம் ஒரு மணி நேரம் எரியும். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ உணவு தேவை. மணிச்சரங்கள் இருபது என்று வைத்துக்கொள்வோம். வழியில் எதை வாங்க வேண்டுமானாலும் ஒரு சரத்தைக் கொடுக்க வேண்டும். முசிறியில் மிஞ்சும் சரங்களே, கதாபாத்திரம் அடுத்த நிலைக்கு உயர உதவும் அனுபவப் புள்ளிகளாக மாறும். கொண்டுவந்த செல்வத்தின் அளவுக்கு அனுபவப் புள்ளி தரும் வழக்கம் 1974-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே இருந்தது.

படி 3: ஓய்வுக்கு விலை வையுங்கள்

இதுதான் புதியவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம். விதிகளில் குறும் ஓய்வு ஒரு மணி நேரம்; நெடும் ஓய்வு எட்டு மணி நேரம். முதல் நிலை மந்திரவாதிக்கு இரண்டு மந்திர ஸ்லாட்டுகள்தான் (ஒரு மந்திரத்தை ஏவ ஒரு ஸ்லாட் செலவாகும்) உண்டு, அவை நெடும் ஓய்வுக்குப் பின் முழுமையாகத் திரும்பிவிடும். பயணத்தில் நாளுக்கு ஒரு சண்டைதான் வரும் என்பதால், தூங்கி எழுந்ததும் எல்லாம் நிரம்பிவிடுகிறது. எந்தச் சண்டையும் அடுத்ததைப் பாதிப்பதில்லை. இதைச் சரிசெய்ய, குறும் ஓய்வை எட்டு மணி நேரமாகவும் நெடும் ஓய்வை ஏழு நாட்களாகவும் நீட்டும் விருப்ப விதி ஒன்று உண்டு. நம் கதைக்கு ஏழு நாள் மிக அதிகம். எனவே, வழியோரத்தில் தூங்கும் இரவைக் குறும் ஓய்வாகவும், ஓர் ஊரில் முழு நாள் தங்குவதை நெடும் ஓய்வாகவும் கொள்ளுங்கள். ரோமானிய நாணயங்கள் கிடைத்த வெள்ளலூரை அப்படி ஒரு தங்கலாக வைக்கலாம். அங்கே தங்கினால் ஒரு கட்டத்தை அடித்துவிட வேண்டும். ஆக, முழுப் பயணத்திலும் இரண்டு நெடும் ஓய்வுகளே சாத்தியம். அவற்றை எங்கே செலவிடுவது என்று ஆட்டக்காரர்கள் விவாதிக்கத் தொடங்கினால், குறுக்கிடாமல் பேசவிடுங்கள். அந்த விவாதமே நல்ல ஆட்டம்.

படி 4: ஒரே ஓர் இரவை நெருக்கமாக நடத்துங்கள்

எல்லா நாட்களையும் ஒரே விரிவில் சொல்லத் தேவையில்லை. இடர் இல்லாத மூன்று நாட்களை இரண்டு வாக்கியங்களில் கடந்துவிட்டு, கணவாயின் வாயிலில் நேரத்தை நிதானப்படுத்துங்கள். காற்று பலமாக வீசுகிறது. இரண்டு பந்தங்கள் மிச்சம். மந்திரவாதியிடம் ஒரு ஸ்லாட். மணிக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடையை எல்லோரும் காண உருட்டுங்கள். ஒன்று விழுந்தால் கள்வர்கள் நெருங்குகிறார்கள். காவலர் வேடத்தில் இருப்பவர், "ஏனுங்க, இந்தப் பந்தத்த இப்பவே கொளுத்தீட்டா விடியக்காலம் என்னுங்க பண்றது?" என்று கேட்கும்போது, நீங்கள் பதில் சொல்லாதீர்கள். முடிவு அவர்களுடையது.

இருட்டில் காத்திருந்தால், கள்வர்கள் முதலில் தாக்குவார்கள்; பந்தம் ஏற்றினால், வண்டிகள் இருக்குமிடம் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டிலும் ஓர் இழப்பு இருப்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவது ஆட்டநடத்துநரின் கடமை.

படி 5: இறுக்கத்தைச் சரிபாருங்கள்

ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் தாளைப் பாருங்கள். ஆறாம் நாளுக்குள் உணவும் பந்தமும் தீர்ந்து, அடிபடும்போது குறையும் உயிர்ப்புள்ளிகளும் பாதிக்குக் கீழே போயிருந்தால், அடுத்த அமர்வில் ஒரு சரத்துக்கு மூன்று நாள் உணவு தரும் வணிகக் கூட்டத்தை எதிரே வரச் செய்யுங்கள். மாறாக, இரண்டு உபரி நாட்களும் தொடப்படாமல் இருந்தால், கணவாய்க்கு அப்பால் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வண்டியின் அச்சை முறித்துவிடுங்கள். காத்திருந்து பழுது பார்ப்பதா, சரக்கில் ஒரு பகுதியை விட்டுச் செல்வதா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.