பொமரேனியன் குட்டிக்கு வெளியே போகப் பழக்க

சின்ன இன நாய்க்குட்டிக்கு மூத்திரப்பையும் சின்னது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரம் அடக்குவதே பெரிய விஷயம். அதனால் வீட்டுக்குள் மூத்திரம் போனால் அடிக்கவே வேண்டாம், பாவம்! அடித்தால் உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்குக் கீழே போகத்தான் பழகும்.

நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்திலும், விளையாடி முடிந்ததும் தூக்கிக்கொண்டு வளவுக்குப் போங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம். எங்கள் வீட்டில் அது வேலியோரத்து முருங்கையடி. போய் முடித்த அந்த நொடியே தடவி, அவித்த கோழித்துண்டு கொஞ்சம் கொடுங்கள். உள்ளே வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்கு விளங்காது.

விறாந்தையில் போய்விட்டால் தண்ணீரில் வினாகிரி கலந்து துடையுங்கள். மணம் மிஞ்சினால் திரும்பவும் அங்கேதான் போகும். அமோனியா கலந்த திரவம் வேண்டாம், அதற்கும் மூத்திர மணம்தான்.

மாரி மழைக்கு இந்தக் குட்டிகள் முற்றத்தில் காலே வைக்காது. கார்த்திகைக்கு முன்பே விறாந்தை மூலையில் பழைய பேப்பர் விரித்து அதையும் பழக்கிவிடுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை ஒழுங்கைக்குக் கொண்டுபோகாதீர்கள், குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணிலும் கிடக்கும்.