நியூக் ஸ்கிரிப்டை வி.எஸ். கோடில் எழுதுவதற்கு

காட்சிகளை அடுக்கி ஒன்றிணைக்கும் காம்போசிட்டிங் மென்பொருளான நியூக்கின் ஸ்கிரிப்ட் எடிட்டர் நாலு வரியைச் சோதித்துப் பார்க்கப் போதும். அதற்கு மேல் போகும் எதையும் நான் வி.எஸ். கோடு என்ற நிரல் எடிட்டரில்தான் எழுதுகிறேன்.

முதலில் நியூக் ஸ்கிரிப்ட் மொழியான பைத்தானின் பதிப்பைப் பாருங்கள். நியூக் 13-இல் இருப்பது 3.7, நியூக் 15-இல் 3.10. எடிட்டரிலும் அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். படக் கோப்புகளை நியூக்குக்குள் கொண்டுவரும் ரீட் நோடுகளுக்குப் பெயர் மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றில் 'மேட்ச்' கட்டளையைப் போட்டிருந்தேன். என் எடிட்டர் வாய் திறக்கவில்லை. நண்பரின் நியூக் 13 முதல் வரியிலேயே மறுத்துவிட்டது. அந்தக் கட்டளை 3.10-இல்தான் வந்தது.

ஹோம் ஃபோல்டரில் '.நியூக்' என்ற ஃபோல்டர் இருக்கும். ஒற்றைக் கோப்பைத் திறக்காமல் அந்த ஃபோல்டரையே எடிட்டரில் திறங்கள். உள்ளே உங்கள் கருவிகளுக்கென ஒரு துணை ஃபோல்டர் வைத்து, அதை 'பிளகின் ஆட் பாத்' கட்டளை மூலம், நியூக் திறக்கும்போது ஓடும் 'இனிட்.பை' கோப்பில் சேர்த்துவிடுங்கள். வி.எஸ். கோடின் பைத்தான் நீட்டிப்பான பைலான்ஸின் அமைப்புகளில் 'எக்ஸ்ட்ரா பாத்ஸ்' பகுதியிலும் அதே பாதையைக் கொடுத்தால், எழுதும்போதே உங்கள் ஃபங்ஷன் பெயர்கள் வந்து நிற்கும். டேப் வேண்டாம், நான்கு ஸ்பேஸ் என்று அமைத்துவிடுங்கள்.

மெனு தொடர்பான எதையும் 'இனிட்.பை'யில் எழுதாதீர்கள். அது திரையில்லாத ரெண்டரிலும் ஓடும், 'மெனு.பை' திரை இருக்கும்போது மட்டுமே ஓடும். ஒரே ஒரு மெனு வரியை இடம் மாற்றி எழுதியதால் இரவு அனுப்பிய என் ரெண்டர் முழுவதும் நின்றுபோனது. காலையில் லாகில் இருந்தது, திரை வசதி இல்லை என்ற ஒற்றைப் பிழைச் செய்தி.

இனி, பலரும் தடுமாறும் இடம். கோப்பைத் திருத்திச் சேமித்த பிறகும் நியூக் பழையதையே ஓட்டும், ஏனென்றால் ஒருமுறை இறக்கிய மாட்யூலை, அதாவது பைத்தான் கோப்பை, அது நினைவில் வைத்திருக்கிறது. பைத்தானுடனேயே வரும் 'இம்போர்ட்லிப்'பின் 'ரீலோட்' இதைச் சரிசெய்யும். ஆனால் மெனுவில் ஃபங்ஷனையே நேரடியாகக் கொடுத்திருந்தால் ரீலோட் செய்தும் பயனில்லை. மெனு பழைய ஃபங்ஷனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே மாட்யூலை இறக்கி ஃபங்ஷனை அழைக்கும் வரியை மேற்கோளுக்குள் எழுத்துச்சரமாகக் கொடுங்கள். ஒவ்வொரு கிளிக்கிலும் அந்த வரி புதிதாக ஓடும். நான் அதே சரத்தில் ரீலோடையும் சேர்த்துவிடுவேன்; கருவி தயாரானதும் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுவேன்.